போட்ட ஊசியை உடனே பூட்டுவது எப்படி?

தண்டையார்பேட்டையில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போட்டு முடித்த ஊசிக்கு மறுபடி மூடி மாட்டப்போய், மூடியைப் பிடித்திருந்த இடக்கை விரலிலேயே குத்திக்கொண்டேன். பாதுகாப்பு உறையுள்ள ஊசிகள் இருக்கின்றன என்பதே அன்று எனக்குத் தெரியாது. இப்போது புதிய செவிலியர்களுக்கு அவற்றைப் பழக்கும்போது, இடக்கையை ஊசியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள் என்றுதான் தொடங்குகிறேன்.

கீல் வைத்த உறையுடைய ஊசியில் பழகத் தொடங்குவது எளிது. இதில் ஊசியின் அடிப்பகுதியில் ஒரு பிளாஸ்டிக் மடல் இணைந்திருக்கும். ஊசியைச் சிரிஞ்சில் இறுக்கமாகத் திருகிப் பொருத்தியபின், அந்த மடலைச் சிரிஞ்சின் பக்கமாகப் பின்னுக்கு மடக்கிவிட்டு, மூடியை முறுக்காமல் நேராக இழுத்து எடுக்க வேண்டும். மருந்தை ஏற்றுவதும் போடுவதும் வழக்கம்போலத்தான்.

ஊசி தோலை விட்டு வெளியே வந்த கணத்திலேயே, சிரிஞ்சைப் பிடித்திருக்கும் அதே கையின் கட்டைவிரலாலோ ஆள்காட்டி விரலாலோ மடலை முன்னோக்கித் தள்ளுங்கள். விரல் எட்டாவிட்டால் மடலை மேசைப் பரப்பில் வைத்து அழுத்தலாம். பஞ்சை எடுப்பது, சீட்டில் எழுதுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். பூட்டிக்கொள்ளும்போது 'டிக்' என்ற ஓசை கேட்கும் என்றாலும், எண்ணூர் நெடுஞ்சாலை ஓரத்தில் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலுக்கு நடுவே காதை நம்ப முடியாது. ஆகவே ஊசி முழுவதும் மடலின் பள்ளத்துக்குள் படிந்திருக்கிறதா, முனை எங்கும் எட்டிப் பார்க்கவில்லையா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஒருமுறை பூட்டியதைத் திறக்க முடியாது, திறக்கவும் முயலக் கூடாது. பயிற்சிக்கு வெறும் தண்ணீரும் ஒரு சாத்துக்குடியும் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் ஓர் ஊசி செலவாகும், அதைக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

ஊசி தானே சிரிஞ்சுக்குள் இழுத்துக்கொள்ளும் வகையும் உண்டு. அதில் மருந்து முழுவதும் இறங்கியபின் சிரிஞ்சின் தண்டைக் கடைசிவரை அழுத்தினால்தான் உள்ளிருக்கும் சுருள்வில் விடுபட்டு ஊசியை உள்ளே இழுக்கும். பாதியில் நிறுத்தினால் ஊசி வெளியிலேயே நிற்கும். 'ஆட்டோ டிசேபிள்' சிரிஞ்சை இதனுடன் குழப்பிக்கொள்பவர்கள் பலர். அது இரண்டாம் முறை பயன்படுத்துவதைத் தடுப்பதற்காக வந்தது. உறையோ உள்ளிழுக்கும் அமைப்போ சேர்ந்திராத வரை உங்கள் விரலைக் காக்காது.

உறை பூட்டியிருக்கிறதே என்று குப்பைத்தொட்டியில் போடக் கூடாது. 2016-ஆம் ஆண்டின் உயிரிமருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, கூர்மையான கழிவுகள் துளைபடாத, ஒழுகாத வெள்ளை நிறக் கலனுக்கே செல்ல வேண்டும். ஊசியைக் கையால் கழற்றாமல் சிரிஞ்சோடு அப்படியே போட்டு, கலன் முக்கால்வாசி நிறைந்ததும் மூடிவிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு குத்திவிட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்; நான் அன்று செய்ததுபோல விரலை வாயில் வைக்கவும் கூடாது, பிதுக்கவும் கூடாது. தொற்றுள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் எச்ஐவி பரவும் வாய்ப்பு ஏறக்குறைய ஆயிரத்தில் 3. ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி போடாதவருக்கு அந்நோய் பரவும் வாய்ப்போ நூற்றுக்கு 30 வரைகூடப் போகலாம். எச்ஐவி தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், தவறினாலும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்பதால், பணிநேரம் முடியட்டும் என்று காத்திராமல் ஸ்டான்லி போன்ற அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அப்போதே கிளம்புங்கள்.