கார்பன் நானோ குழாய்களைப் பாலிமர் கொண்டு தண்ணீரில் பிரிப்பது எப்படி?

ஒற்றைச் சுவர் நானோ குழாய் என்பது ஒரே அணு தடிமனுள்ள கார்பன் தாளைச் சுருட்டியது போன்ற நுண்குழாய். அதன் பொடியைத் தண்ணீரில் போட்டு எவ்வளவு குலுக்கினாலும் கட்டிகட்டியாகத்தான் நிற்கும். குழாய்கள் பக்கவாட்டில் ஒட்டிக் கற்றையாகக் கிடப்பதே காரணம். ஒவ்வொரு நானோமீட்டர் நீளத்துக்கும் ஒட்டும் ஆற்றல் ஏறக்குறைய 0.5 எலக்ட்ரான்வோல்ட். அறை வெப்பத்தால் கிடைக்கும் அசைவோ 0.025தான். ஆகவே அல்ட்ராசவுண்டால், அதாவது காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால், பிரிக்க வேண்டும். மறுபடி ஒட்டுவதற்குள் சுவரில் பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) போய் உட்கார்ந்துவிட வேண்டும்.

தொடக்கத்துக்கு ப்ளூரானிக் எஃப்-127 என்ற பாலிமர் நல்லது. இதன் நடுப்பகுதி பாலி புரோப்பிலீன் ஆக்சைடு, தண்ணீருக்கு ஆகாதது. அது கார்பன் சுவரில் படியும். இரு முனைகளிலும் உள்ள பாலி எத்திலீன் ஆக்சைடு வால்கள் தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு குழாய்கள் நெருங்கினால் இந்த வால்கள் நெருக்கியடிக்க வேண்டிவரும்; அந்த நெருக்கடியே அவற்றை விலக்குகிறது. மின்னூட்டத்தை நம்பாததால், எஸ்டிஎஸ் என்ற மின்னூட்டமுள்ள சோப்பு வகையைப் போலக் கொஞ்சம் உப்புக்கே குலைந்துவிடாது.

தேவை: (6,5) வகை (கார்பன் தாள் சுருண்ட விதத்தைக் குறிக்கும் எண்கள்) மிகுந்த குழாய்ப் பொடி 5 மி.கி., எஃப்-127 200 மி.கி., அயனி நீக்கிய நீர் 20 மி.லி., 6 மி.மீ. முனையுள்ள சோனிகேட்டர் (அல்ட்ராசவுண்ட் கருவி), ஐஸ், சென்ட்ரிஃப்யூஜ் (சுழற்றிப் பிரிக்கும் கருவி).

படி 1. முதலில் பாலிமர், பிறகுதான் குழாய். எஃப்-127 குளிர்ந்த நீரில்தான் நன்றாகக் கரையும். தண்ணீரில் தூவி, 4 டிகிரியில் இரவு முழுக்க விட்டாலே போதும். சூடாக்கிக் கரைக்க முயல வேண்டாம்.

படி 2. பொடியை ஃப்யூம் ஹூடுக்குள் (காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகப் பெட்டி) கையுறை, முகக்கவசத்தோடு எடை போடுங்கள். நிலைமின்சாரத்தால் கரண்டியிலிருந்து துள்ளும். சிந்தினால் ஈரத் துணியால் துடைக்க வேண்டும், ஊதக் கூடாது.

எஃப்-127 200 மி.கி. என்பது அதிகமாகத் தெரியலாம். ஒரு கிராம் ஒற்றைச் சுவர்க் குழாயின் வெளிப்பரப்பு கணக்குப்படி சுமார் 1,315 சதுர மீட்டர். 5 மி.கி. முழுதாகப் பிரிந்தால் ஆறரை சதுர மீட்டர் வரும். பரப்பை மூடியது போகக் கரைசலிலும் பாலிமர் மீதம் இருந்தாக வேண்டும்.

படி 3. பீக்கரை ஐஸில் வைத்து, முனையைத் திரவத்துக்குள் ஒரு செ.மீ. ஆழத்தில் நிறுத்தி, 10–20 வாட்டில் 30 நிமிடம். முனை மேலே இருந்தால் நுரை பொங்கும். நுரைக்குள் அதிர்வு இறங்காது, நேரம்தான் வீண். அடியைத் தொட்டால் கண்ணாடி விரியும். ஐஸ் உருகியதும் மாற்றுங்கள். ‘இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டினால் இன்னும் நன்றாகப் பிரியும்’ என்பது பாதிதான் உண்மை: குழாய் துண்டாகும், பாலிமர் சங்கிலியும் அறும், முனையிலிருந்து டைட்டானியம் துகளும் கலக்கும்.

படி 4. 16,000 ஜி (புவியீர்ப்பைப் போல 16,000 மடங்கு) விசையில் ஒரு மணி நேரம் சுழற்றுங்கள். வேறொருவர் தரும் ஆர்பிஎம் (நிமிடச் சுற்று) எண்ணை அப்படியே எடுக்காதீர்கள், ரோட்டருக்கு ரோட்டர் அது மாறும். மேலிருக்கும் 70–80 சதவீதத்தை மட்டும் பிப்பெட்டால் மெதுவாக எடுங்கள். பெரிய கற்றைகளும் உலோகத் துகள்களும் அடியில் தங்கும். சிறு கற்றைகளும் போக வேண்டுமென்றால் ஒரு லட்சம் ஜி அளவுக்கு அல்ட்ரா சென்ட்ரிஃப்யூஜ் வேண்டும்.

படி 5. கறுப்பாக, தெளிவாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள். சிறு கற்றைகளும் அப்படித்தான் தெரியும். ஒளி உறிஞ்சல் நிறமாலை எடுங்கள். (6,5) குழாய்க்கு 570 நானோமீட்டர் அருகிலும், 980–1000-க்குள்ளும் கூரிய முகடுகள் வர வேண்டும். முகடு அகன்று, நீண்ட அலைநீளப் பக்கம் நகர்ந்திருந்தால் கற்றை பிரியவில்லை. ஒப்பீட்டுக் குவெட்டில் (நிறமாலைக் கருவியில் வைக்கும் சிறு குப்பி) குழாய் இல்லாத அதே எஃப்-127 கரைசலை ஊற்றுங்கள். தண்ணீரே 970-ஐ ஒட்டிச் சற்று உறிஞ்சும்.

சில நாளில் கட்டி கட்டினால்? பாலிமர் குறைவாக இருக்கலாம், அல்லது வெறும் தண்ணீர் ஊற்றி நீர்த்திருப்பீர்கள். எப்போதும் அதே பாலிமர் கரைசலால்தான் நீர்க்க வேண்டும். பாலிமர் மிக அதிகமானாலும் இதே கதைதான். இரண்டு குழாய்களுக்கு நடுவில் நுழைய முடியாத மிசெல்கள் (மீதப் பாலிமர் மூலக்கூறுகள் சேர்ந்த நுண்திரள்கள்) வெளியிலிருந்து அவற்றைச் சேர்த்து அழுத்தும்.

பொடியில் குறைகடத்திக் குழாய்களும் உலோகம் போல் மின்சாரம் கடத்தும் குழாய்களும் கலந்திருக்கும். குறைகடத்திக் குழாய்கள் மட்டும் வேண்டுமென்றால், தண்ணீருக்குப் பதில் டொலுவீன் என்ற கரைப்பானில் பாலிஃப்ளூரீன் வகைப் பாலிமரான பிஎஃப்ஓ. இதை 2007-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாலிமரின் முதுகெலும்பு குழாய்ச் சுவரோடு ஒட்டிப் படிகிறது. உலோக வகைக் குழாய்கள் பெரும்பாலும் வண்டலோடு போய்விடும். ஆனால் டொலுவீன் ஆவி தீப்பற்றும். திறந்த பீக்கரில் முனை சோனிகேட்டரை இறக்காமல், மூடிய குப்பியைக் குளிர்ந்த பாத் சோனிகேட்டரில் வைத்துச் செய்யுங்கள்.