லண்டன்ல வீடு வாங்குறப்போ லேட் ஆகுறதும் சாலிசிட்டர் தொல்லையும்: நம்ம ஆளுங்க அடிக்கடி பண்ற தப்புங்க

ஆஃபர் அக்செப்ட் ஆயிடுச்சுன்னு எஸ்டேட் ஏஜென்ட் ஃபோன் பண்ணின உடனே வீடு நம்மளுதுன்னு ஊருக்கு வீடியோ கால் போட்டு சொல்லிடுறோம். ஆனா இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் அந்த ஃபோனுக்கு சட்டப்படி ஒரு மதிப்பும் கிடையாது. கான்ட்ராக்ட் எக்ஸ்சேஞ்ச் (ரெண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை மாத்திக்கிறது) ஆகுற வரைக்கும் விக்கிறவர் இன்னொருத்தர் அஞ்சாயிரம் கூட தர்றார்னு அந்தப் பக்கம் போயிடலாம், நீங்களும் வேணாம்னு விலகிடலாம், யாரும் யாரையும் கேள்வி கேக்க முடியாது. (ஸ்காட்லாந்து சட்டம் வேற, அதை இங்க பேசல.) நடுவுல இருக்கிற அந்த மூணு நாலு மாசம், சில நேரம் ஆறு மாசம், அதுலதான் எல்லாத் தலைவலியும். வாட்ஸ்அப் குரூப்ல பாத்தா எல்லாரும் சாலிசிட்டரை, அதாவது வீடு வாங்குற சட்ட வேலையைப் பாக்குற வக்கீலைத்தான் திட்டுறாங்க. திட்ட வேண்டிய சாலிசிட்டர் நிறைய பேர் இருக்காங்க, இல்லன்னு சொல்லல, ஆனா ஃபைல் யார் டேபிள்ல நிக்குதுன்னே தெரியாம திட்டுறதுதான் ஜாஸ்தி, அதுலயும் பல தடவை அது நம்ம டேபிள்லயேதான் நிக்குது.

சாலிசிட்டரை எடுக்கிற இடத்துலயே ஆரம்பிக்கலாம். ஏஜென்ட் ஒரு பேர் குடுப்பார், இவங்க ரொம்ப ஃபாஸ்ட்டும்பார். அந்த கம்பெனிகிட்ட இருந்து அவருக்கு ரெஃபரல் ஃபீ வருதான்னு கேளுங்க, வந்தா சொல்லியே ஆகணும். ஃபீ வாங்குறதால மோசம்னு அர்த்தம் இல்ல, ஆனா அந்த ஃபாஸ்ட்டை யார் சொல்றாங்கன்னு தெரிஞ்சுக்கலாம். விலை கம்மியா இருக்குன்னு ஆன்லைன்ல எடுக்கிற சில இடங்கள்ல ஒரே ஆள் கையில எக்கச்சக்க ஃபைல் இருக்கும், ஃபோன் பண்ணா வேற வேற ஆள் எடுப்பாங்க. பணம் கட்டுறதுக்கு முன்னாடியே கேளுங்க: என் ஃபைலை யார் பாக்குறா, அவர் லீவுல போனா யார் பாப்பா, எனக்கு மார்ட்கேஜ் குடுக்கிற பேங்க்கோட பேனல்ல (பேங்க் ஏத்துக்கிட்ட வக்கீல் லிஸ்ட்ல) நீங்க இருக்கீங்களா. அந்த கடைசி கேள்வியை நிறைய பேர் விட்டுடுறாங்க. பேனல்ல இல்லன்னா பேங்க் தனக்குன்னு தனியா வக்கீல் வைக்கும், அதுக்கு தனி செலவு, தனி டிலே.

இப்ப நம்ம ஆளுங்க விஷயத்துல எல்லாத்தையும் விட அதிகமா நேரத்தை முழுங்குறது எதுன்னா, டெபாசிட் பணம் எங்கிருந்து வந்துச்சுங்கிற கேள்வி. மணி லாண்டரிங் ரூல்ஸ் 2017ல இருந்து ரொம்ப டைட். சாலிசிட்டர் பேங்க் ஸ்டேட்மென்ட் கேப்பார், பெரும்பாலும் ஆறு மாசத்துக்கு, வரி வரியா பாப்பார். சம்பளம் வருது, சரி. வாடகை போகுது, சரி. திடீர்னு நடுவுல ஒரு 8,000 பவுண்ட், அனுப்பினது யாரோ ஒரு குமார், ரெஃபரன்ஸ்ல ‘சீட்டு’ன்னு இருக்கு. யார் இந்த குமார், எதுக்கு அனுப்பினார்னு கேட்டா நீங்க என்ன காட்டுவீங்க? ஈஸ்ட் ஹாம்லயோ ஹாரோலயோ இருபது பேர் சேர்ந்து போட்ட சீட்டுக்கு ஒரு நோட்டுப் புத்தகம்தான் ஆதாரம். சீட்டுப் போடுறது தப்புன்னு சொல்ல வரல, மாசாமாசம் நீங்க கட்டினது பேங்க் வழியா போயிருந்தா அதைக் காட்டி விளக்கிடலாம், கேஷா கட்டியிருந்தா கஷ்டம்தான். வீடு வாங்கணும்னு எண்ணம் வந்த அன்னிக்கே இதை யோசிக்கணும். கையில இருக்கிற கேஷை கொண்டு போய் அக்கவுன்ட்ல போட்டுட்டா சரியாயிடும்னு நினைக்கிறவங்க இருக்காங்க, கேள்வி அங்கதான் ஆரம்பிக்கும்.

ஊர்ல இருந்து அப்பா அம்மா குடுக்கிற பணமும் இதே மாதிரி. அவங்க பாஸ்போர்ட், அட்ரஸ் ப்ரூஃப், அவங்க பேங்க் ஸ்டேட்மென்ட், நிலத்தை வித்த பணம்னா அந்தப் பத்திரம், பத்திரம் தமிழ்ல இருந்தா மொழிபெயர்ப்பு, அப்புறம் இது கடன் இல்ல, அன்பளிப்பு, வீட்டுல எனக்கு பங்கு வேணாம்னு ஒரு லெட்டர், இவ்வளவும் கேப்பாங்க. இந்தியாவுல குடியிருக்கிறவங்க ஒரு நிதியாண்டுல தலைக்கு 2,50,000 டாலர் வரைதான் எல்ஆர்எஸ்ல (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் பேங்க் வச்சிருக்கிற திட்டம்) வெளிய அனுப்பலாம், பேங்க்ல பேப்பர் வேலையும் இருக்கு, கடைசி வாரத்துல அனுப்பச் சொல்லி அப்பாவை ஓட விடாதீங்க. இன்னொன்னு, கிஃப்ட் வருதுன்னு மார்ட்கேஜ் அப்ளிகேஷன்லயே சொல்லிடுங்க. சொல்லாம விட்டு சாலிசிட்டர் கண்ணுல பட்டா அவர் பேங்க்குக்கு சொல்லியாகணும், பேங்க் மறுபடியும் பாக்கும், அதுல சில வாரம் போயிடும். மச்சான்கிட்ட வாங்கின கடனை கிஃப்ட்டுன்னு எழுதிக் குடுக்கிறதெல்லாம் லேட் பிரச்சனை இல்ல, அது மோசடி, அந்தப் பக்கமே போகாதீங்க.

பேர் பிரச்சனை நமக்குன்னே வந்தது. பாஸ்போர்ட்ல அப்பா பேர் சர்நேமா இருக்கும், பேங்க்ல இனிஷியல் மட்டும், சம்பள ஸ்லிப்புல ரெண்டும் மாறி, மனைவி பாஸ்போர்ட்ல சர்நேம் கட்டமே காலி. மார்ட்கேஜ் ஆஃபர்ல ஒரு பேரும் கான்ட்ராக்ட்ல இன்னொரு பேரும் இருந்தா எக்ஸ்சேஞ்ச் பண்ற நேரத்துல நின்னுடும், அதுக்கு அப்புறம் இவரும் அவரும் ஒரே ஆள்தான்னு சத்தியப் பிரமாணம் எழுதி வக்கீல் முன்னாடி கையெழுத்துப் போடணும். அப்ளிகேஷன் போடுற முன்னாடியே பாஸ்போர்ட்ல இருக்கிறதை எழுத்து எழுத்தா அப்படியே குடுங்க, ப்ரோக்கர் அவர் இஷ்டத்துக்கு திருப்பிப் போட்டிருக்காரான்னு பாருங்க.

அடுத்தது ஊர்ல இருக்கிற வீடு. இது லேட் மட்டும் இல்ல, பெரிய பணம். ஸ்டாம்ப் டூட்டி (வீடு வாங்குறப்போ கட்டுற வரி) சலுகை கிடைக்கிற ஃபர்ஸ்ட் டைம் பையர்னா இங்கிலாந்துல மட்டும் வாங்கலைங்கிறது இல்ல, உலகத்துல எங்கயுமே வீடு சொந்தமா இருந்திருக்கக் கூடாது, தாத்தா சொத்துல பங்கா வந்திருந்தாலும் சேத்திதான். 2025 ஏப்ரல்ல இருந்து இருக்கிற ரேட்ல 4,50,000 பவுண்ட் வீட்டுக்கு ஃபர்ஸ்ட் டைம் பையர் ஸ்டாம்ப் டூட்டி 7,500. அதே வீட்டை, வேளச்சேரில ஒரு ஃபிளாட் பேர்ல இருக்கிற ஆள் வாங்கினா, அந்த ஃபிளாட்ல அவர் பங்கு 40,000 பவுண்டோ அதுக்கு மேலயோ இருந்துச்சுன்னா, 5 பர்சன்ட் கூடுதல் வரியும் சேர்ந்து 35,000. ஃபிளாட் கணவர் பேர்ல இருக்கு, நான் மனைவி பேர்ல மட்டும் இங்க வாங்குறேன்னாலும் தப்பிக்க முடியாது, சேர்ந்து வாழுற தம்பதியை ஒண்ணாத்தான் பாப்பாங்க. வெறும் காலி மனை இருந்தா அது வீடு இல்ல, கவலை வேணாம். நிறைய பேர் சாலிசிட்டர் ஃபார்ம்ல ‘வேற சொத்து உண்டா’ங்கிற கட்டத்துல பழக்க தோஷத்துல இல்லன்னு டிக் பண்ணிட்டு, கடைசியில பேச்சுவாக்குல விஷயம் வெளிய வந்து, கூடுதலா இருபத்தேழாயிரத்து ஐநூறு பவுண்டுக்கு எங்க போறதுன்னு முழிக்கிறாங்க. முதல் நாளே சொல்லிடுங்க.

அப்பா அம்மாவோ மாமியாரோ உங்ககூட அந்த வீட்டுல இருக்கப் போறாங்கன்னா அதையும் முன்னாடியே சொல்லுங்க. மார்ட்கேஜ்ல பேர் இல்லாத பெரியவங்க யார் குடியிருந்தாலும் பேங்க் அவங்ககிட்ட ஒரு ஃபார்ம்ல கையெழுத்து கேக்கும், சில பேங்க் அவங்க தனியா இன்னொரு வக்கீல்கிட்ட ஆலோசனை வாங்கணும்னும் சொல்லும். அம்மா அந்த நேரத்துல திருச்சியில இருந்தா யோசிச்சுப் பாருங்க.

இனி, ஆர்வக் கோளாறுல பண்ற ஒரு தப்பு. விக்கிறவர் மாடியில லாஃப்ட் (கூரைக்கு அடியில ரூம்) கட்டியிருக்கார், அதுக்கு பில்டிங் ரெகுலேஷன்ஸ் சர்ட்டிஃபிகேட் இல்ல. சாலிசிட்டர் இழுக்கிறார்னு நம்ம ஆளு நேரா கவுன்சிலுக்கே ஃபோன் போட்டு, இந்த அட்ரஸ்ல பெர்மிஷன் இல்லாம லாஃப்ட் கட்டியிருக்காங்க, என்ன பண்றதுன்னு கேப்பார். முடிஞ்சது. இந்த மாதிரி குறைக்கு வழக்கமா இன்டெம்னிட்டி இன்ஷூரன்ஸ்னு ஒண்ணு எடுத்து ஒரு சில நாள்ல தாண்டிடுவாங்க, ஆனா அதோட முக்கிய நிபந்தனையே கவுன்சிலை யாரும் தொடர்பு கொண்டிருக்கக் கூடாதுங்கிறதுதான். நீங்க ஃபோன் பண்ணினா அந்தக் கதவு மூடிடும். அதே நேரம் அந்த இன்ஷூரன்ஸ் வெறும் பேப்பர், கவுன்சில் நடவடிக்கை எடுத்தா வர்ற செலவுக்குத்தான், லாஃப்ட் ஸ்ட்ராங்கான்னு அது சொல்லாது, அதுக்கு சர்வேயரைத்தான் கூப்பிடணும்.

ஃபாலோ அப் பண்ற விதம். தினமும் காலையில ஃபோன் பண்ணி ‘என்ன ஆச்சு’ன்னு கேட்டா ‘வெயிட்டிங்’னு ஒரே பதில்தான் வரும், யாருக்காக வெயிட்டிங்னு சொல்ல மாட்டாங்க. வாரத்துக்கு ஒரு ஈமெயில் போதும், ஆனா இப்படிக் கேளுங்க: லோக்கல் அத்தாரிட்டி சர்ச் (கவுன்சில்ல அந்த வீட்டைப் பத்தி எடுக்கிற விவரம்) எந்த தேதியில ஆர்டர் பண்ணீங்க, வந்துச்சா? நீங்க விக்கிறவர் வக்கீல்கிட்ட கேட்ட என்கொயரீஸ்ல (கேள்விகள்ல) எது எதுக்கு இன்னும் பதில் வரல, கடைசியா எந்த தேதியில நினைவூட்டினீங்க? என்கிட்ட இருந்து ஏதாவது பாக்கியா? இந்த மூணுக்கும் பதில் கையில இருந்தா ஏஜென்ட்டுக்கு ஃபோன் போட்டு, ‘இந்தக் கேள்விக்கு விக்கிறவங்க சைடுல இன்னும் பதில் வரல, கொஞ்சம் தள்ளி விடுங்க’ன்னு சொல்லலாம், டீல் முடிஞ்சாதான் ஏஜென்ட்டுக்கு கமிஷன், அவர் ஓடுவார். சர்ச்சை லேட்டா ஆர்டர் பண்றது நிறைய இடத்துல நடக்குது, மார்ட்கேஜ் ஆஃபர் வரட்டும்னு காத்திருப்பாங்க. டீல் உடைஞ்சா சர்ச் காசு போயிடும்னு அதுக்கு ஒரு நியாயம் இருக்கு, ஆனாலும் உங்களுக்கு அவசரம்னா காசு போனா போகட்டும், இப்பவே ஆர்டர் பண்ணுங்கன்னு நீங்கதான் சொல்லணும். சர்ச் ஆறு மாசத்துக்கு மேல பழசாச்சுன்னா பேங்க் ஏத்துக்காது, மார்ட்கேஜ் ஆஃபருக்கும் கடைசி தேதி உண்டு, ரெண்டு தேதியையும் காலண்டர்ல குறிச்சு வைங்க.

ஃபிளாட்னா இன்னும் ஒரு சுத்து இருக்கு. மேனேஜிங் ஏஜென்ட்கிட்ட இருந்து எல்பிஇ1ங்கிற பேக் (ஃபிளாட், பில்டிங் பத்தின விவரம் அடங்கின ஃபார்ம்) வரணும், அதுக்கு விக்கிறவர்தான் காசு கட்டணும், பலர் கடைசி வரை கட்ட மாட்டாங்க. ஆஃபர் குடுக்கும்போதே ‘பேக் ஆர்டர் பண்ணியாச்சா’ன்னு கேளுங்க. 11 மீட்டருக்கு மேல உயரமான பில்டிங்னா கிளாடிங் (வெளிச்சுவர்ல போர்த்தியிருக்கிற பலகை) பேப்பரும் சேரும், லீஸ்ல மீதி இருக்கிற காலம் 80 வருஷத்துக்கு கிட்ட வந்திருந்தா அது தனி பேச்சு.

எக்ஸ்சேஞ்ச் ஆகாம வாடகை வீட்டுக்கு நோட்டீஸ் குடுக்காதீங்க, கம்ப்ளீஷன் (மீதிப் பணம் கட்டி சாவி வாங்குற) தேதின்னு ஏஜென்ட் வாயால சொன்னது தேதியே இல்ல. புதுசா கார் லோனும் எடுக்காதீங்க, கடைசி நேரத்துல பேங்க் கிரெடிட் பாத்தா ஆஃபரே ஆடிடும். எக்ஸ்சேஞ்ச் ஆனப்புறம் விளையாட்டே வேற. பொதுவா விலையில 10 பர்சன்ட் டெபாசிட்டா கட்டியிருப்பீங்க, சொன்ன நாள்ல பணம் போகலைன்னா எதிர்ப்பக்கம் நோட்டீஸ் டு கம்ப்ளீட் அனுப்பலாம், அதுல இருந்து 10 வொர்க்கிங் டேஸ், அதுக்குள்ளயும் முடியலைன்னா அந்த டெபாசிட் போச்சு. எக்ஸ்சேஞ்ச் அன்னிக்கே பில்டிங்ஸ் இன்ஷூரன்ஸ் ஆரம்பிச்சிருக்கணும், சாவி வரட்டும்னு இருக்காதீங்க. வெள்ளிக்கிழமை கம்ப்ளீஷன் எல்லாருக்கும் பிடிக்கும், ஆனா பணம் மாட்டிக்கிட்டா திங்கள் வரைக்கும் சாமானோட வேன்ல நிக்கணும். என்னைக் கேட்டா செவ்வாய் புதன்தான் பெஸ்ட்.

மார்ட்கேஜ் டீட் (வீட்டை பேங்க்குக்கு அடமானம் வைக்கிற பத்திரம்) வந்ததும் மனைவிக்கு கணவன் சாட்சின்னு கையெழுத்துப் போட்டு அனுப்பிடுவாங்க, திரும்பி வரும். வீட்டு ஆளு வேணாம், பக்கத்து வீட்டுக்காரரோ ஆபீஸ் ஃப்ரெண்டோ நேர்ல பாத்து சாட்சி போடணும், தேதி கட்டத்தை காலியா விடுங்க, அதை சாலிசிட்டர்தான் போடுவார்.

பணம் அனுப்புற நேரத்துல ‘எங்க பேங்க் அக்கவுன்ட் மாறிடுச்சு’ன்னு சாலிசிட்டர் பேர்ல ஈமெயில் வந்தா அது திருடன். முதல் லெட்டர்ல இருந்த நம்பருக்கு, ஈமெயில்ல இருக்கிற நம்பருக்கு இல்ல, ஃபோன் பண்ணி கேளுங்க. ஒரு பவுண்ட் அனுப்பி வந்துச்சான்னு கேட்டுட்டு மீதியை அனுப்புங்க.

சரி, எல்லாம் பாத்தாச்சு, நம்ம பக்கம் ஒண்ணும் பாக்கி இல்ல, சாலிசிட்டர்தான் ரெண்டு வாரமா பதிலே போடலன்னா? ரிசப்ஷன்ல கத்துறதால ஒண்ணும் ஆகாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் கம்ப்ளைன்ட் நடைமுறை இருந்தே ஆகணும், தலைப்புலயே ‘கம்ப்ளைன்ட்’னு போட்டு, தேதி வாரியா என்ன நடந்துச்சுன்னு எழுதி அனுப்புங்க. பல தடவை அந்த ஒரு ஈமெயில்லயே ஃபைல் பார்ட்னர் டேபிளுக்கு போயிடும். 8 வாரத்துல திருப்தியான பதில் இல்லன்னா லீகல் ஆம்புட்ஸ்மன்கிட்ட (வக்கீல்கள் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அமைப்பு) போகலாம், இலவசம், 50,000 பவுண்ட் வரைக்கும் இழப்பீடு குடுக்கச் சொல்ல அவங்களுக்கு அதிகாரம் உண்டு, கம்பெனியோட கடைசி பதில் வந்து 6 மாசத்துக்குள்ள போகணும். ஆனா ஒண்ணு, ஆம்புட்ஸ்மன் உங்க வீட்டை சீக்கிரம் முடிச்சுக் குடுக்க மாட்டார், அதெல்லாம் பின்னாடி. எஸ்ஆர்ஏ (சாலிசிட்டர்களைக் கண்காணிக்கிற அமைப்பு) வேற, அது நேர்மை இல்லாம நடந்த விஷயத்துக்கு, பதில் போடலங்கிறதுக்கு இல்ல.

நடுவுல சாலிசிட்டரை மாத்தலாமான்னு கேட்டா, எக்ஸ்சேஞ்சுக்கு முன்னாடின்னா மாத்தலாம், ஆனா பாதி தூரம் போயிருந்தா நான் ரொம்ப யோசிப்பேன். இதுவரை செஞ்ச வேலைக்கு காசு கேப்பாங்க, கட்டுற வரைக்கும் ஃபைலை குடுக்காம வச்சுக்கவும் முடியும், புது ஆள் எல்லா பேப்பரையும் முதல்ல இருந்து படிப்பார், பேங்க்குக்கும் புது விவரம் போகணும். இன்னும் என்கொயரீஸே ஆரம்பிக்கலன்னா மாத்துங்க, ரெண்டு கேள்விதான் பாக்கின்னா பல்லைக் கடிச்சுக்கிட்டு முடிச்சுடுங்க, அந்தக் கம்பெனிக்குள்ளயே வேற ஆளை மாத்திக் குடுங்கன்னும் கேக்கலாம், இதை யாரும் கேக்கிறதே இல்ல.

சாவி வாங்கினப்புறமும் சாலிசிட்டருக்கு வேலை இருக்கு. ஸ்டாம்ப் டூட்டி ரிட்டர்ன் கம்ப்ளீஷன்ல இருந்து 14 நாளுக்குள்ள போகணும், லேட் ஆனா ஃபைன் உங்க பேர்லதான் வரும், அதனால போட்டாச்சான்னு கேட்டு எஸ்டிஎல்டி5ங்கிற, ரிட்டர்ன் போட்டதுக்கான சர்ட்டிஃபிகேட் காப்பி வாங்கிக்குங்க. லேண்ட் ரெஜிஸ்ட்ரில பேர் மாற மாசக்கணக்குல ஆகலாம், அதுக்கு பயப்பட வேணாம், அப்ளிகேஷன் போயிடுச்சான்னு மட்டும் கேட்டு அந்த நம்பரை வாங்கி வைங்க. டைட்டில் ரெஜிஸ்டர் காப்பி வந்ததும் உங்க ரெண்டு பேர் பேரும் ஸ்பெல்லிங் சரியா விழுந்திருக்கான்னு பாத்துட்டு, தப்பு இருந்தா ஃபைலை மூடுறதுக்குள்ள சாலிசிட்டர்கிட்டயே திருத்தச் சொல்லுங்க.