ஜூன் மந்தாரத்தைத் தலைகீழாய் எழுதாதீர்கள்

இந்த வாரம் உயர்தரப் பிள்ளைகளின் புவியியல் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். வெளியே கச்சான், மேற்கிலிருந்து வருகிற அந்தச் சூட்டுக் காற்று, வீசுகிறது. தாள்களின் மேல் கல்லு வைக்காவிட்டால் அவற்றைத் திருகோணமலையின் உப்புவெளிக் கடலில்தான் போய்ப் பொறுக்க வேண்டும். கேள்வி இது: கலிபோர்னியாவின் கரையோரம் கோடை தொடங்கும் காலத்தில் ஏன் முகில் மூடி, குளிராக இருக்கிறது? இதைத்தான் அங்கே ‘ஜூன் மந்தாரம்’ என்பார்கள். தாளுக்குத் தாள் பார்த்தால், நான் மாணவனாக இருந்தபோது எழுதியதும், அப்புறம் பல வருடம் அப்படியே படிப்பித்ததுமான பிழைகள். என்னுடைய பழைய கொப்பியை யாரோ போட்டோக்கொப்பி எடுத்துப் பங்கிட்டது போல இருக்கிறது.

கலிபோர்னியாவை அத்திலாந்திக் கரையில் கொண்டுபோய் வைத்தவர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதற்கு அட்லஸ் இருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகளும் விடுகிற பிழைகள்தான் என் கவலை.

முகில் மறைப்பதால்தான் குளிர் என்று எழுதுவது

அநேகமான தாள்களில் இருப்பது இதுதான்: “கடல் நீர் வெயிலில் ஆவியாகிறது, ஆவி முகிலாகிறது, முகில் சூரியனை மறைக்கிறது, ஆகவே குளிர்கிறது.” வாசிக்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் வண்டிலுக்குப் பின்னால் மாட்டைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே முதலில் வருவது குளிர். முகில் அதற்குப் பிறகு.

இந்தப் பிழை என் குடும்பத்துக்கு டொலரில் செலவு வைத்தது. என்னுடைய அக்காவின் மகள் லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் இருக்கிறாள். கலியாணம் நிச்சயமானதும் எனக்குத்தான் கோல் எடுத்தாள். “மாமா, ஜூன் முதல் கிழமை, கடற்கரையோரம் ஒரு புல்தரையில வைக்கப் போறம். வெயில் கூடவா இருக்குமோ?” புவியியல் மாஸ்டர் அல்லவா நான்! 34 பாகை வட அகலாங்கு, ஜூன் மாதம், பக்கத்தில் பாலைவனம். வெயில் என்றேன். பந்தலுக்கு நிழல் துணி கூடப் போடச் சொன்னேன். அங்கே கொஞ்சக் காலம் இருந்த ஒருவர் “காலையில் மந்தாரமாகக் கிடக்கும்” என்று சொன்னாராம். அதற்கும் என்னிடம் பதில் இருந்தது: முகில்தானே, பத்து மணிக்குள் கலைந்துவிடும், கலைந்தால் சூடு வந்துவிடும்.

கலியாணத்தன்று அங்கே காலை பத்து மணி, இங்கே இரவு பத்தரை. நான் கச்சான் வெக்கையில் சேட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வீடியோ கோலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அங்கே வானம் சாம்பல் பூசின மாதிரி. காஞ்சிபுரம் கட்டின பெண்டுகள் எல்லாரும் ஓமகுண்டத்தைச் சுற்றி நெருங்கி நிற்கிறார்கள், பக்தியால் இல்லை. ஐயர் சால்வைக்கு மேல் யாரோ கொடுத்த ஜக்கெட்டைப் போட்டிருந்தார். காஸ் சூடாக்கிகளை அவசரமாக வாடகைக்கு எடுத்ததில் பந்தல் செலவுக்குக் கிட்டப் போய்விட்டது.

அது கூடப் பரவாயில்லை. அங்கே பிற்பகல் மூன்று மணிக்கு, இங்கே விடியப்புறம் மூன்றரைக்கு, முகில் விலகி வெயில் வந்தது. நான் சொன்னது கடைசியில் சரியாகிவிட்டதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். மருமகள் போனைக் கிட்டக் கொண்டுவந்து சொன்னாள்: “மாமா, வெயில் வந்திட்டுது. குளிர் போகேல்ல.” நல்ல வெயிலுக்குள் 19 பாகை. முகில்தான் குளிருக்குக் காரணம் என்றால், முகில் போனதும் குளிரும் போயிருக்க வேண்டுமே? படிப்பித்த பாடம் முழுக்கப் பிழை என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, உண்மையில் நடப்பது என்ன? வட பசிபிக்கில் கலிபோர்னியாவுக்கு மேற்கே ஒரு பெரிய உயர் அமுக்கம் கிடக்கிறது. கோடை வரும்போது அது வலுக்கிறது. அதைச் சுற்றிக் காற்று வலஞ்சுழியாக ஓடுவதால், கலிபோர்னியாக் கரையை உரசிக்கொண்டு வடமேற்கிலிருந்து வீசுகிறது. காற்று தள்ளுகிற நீர் காற்றின் திசையிலேயே போவதில்லை. பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் அது வலப்பக்கம் ஒதுங்குகிறது. நன்சன் என்ற நோர்வே நாட்டுக்காரர் ஆர்க்டிக்கில் பனிக்கட்டிகள் காற்றின் திசைக்கு வலப்பக்கமாக மிதந்து போவதைக் கண்டார். அதற்குக் கணக்குப் போட்டு 1905இல் விளக்கியவர் எக்மன். கலிபோர்னியாவில் வலப்பக்கம் என்றால் கரையை விட்டு வெளியே. மேல் நீர் வெளியே போக, அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் ஏறுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் வெளிக்கரையில் ஜூன் மாதத்திலும் கடல் 12, 13 பாகைதான். லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கம் கொஞ்சம் கூட, 17, 18 அளவில்.

இந்தக் கடலின் மேல் தங்குகிற வளி அடியிலிருந்து குளிர்கிறது. குளிர்ந்த வளி கொஞ்ச ஈரத்தைத்தான் தாங்கும், மிச்சம் துளியாக ஒடுங்கி முகிலாகிறது. இதுவரை சில பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். இதற்கு மேல்தான் வழுக்குகிறது, ஏனென்றால் “மேலே போகப் போகக் குளிரும்” என்று எட்டாம் வகுப்பில் பாடமாக்கியதை அவர்களால் விட முடியவில்லை. அந்த உயர் அமுக்கத்துக்குள் வளி கீழே இறங்குகிறது. இறங்கும்போது அமுக்கப்பட்டு ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் 10 பாகை அளவில் சூடேறி, காய்ந்து போகிறது. ஆகவே ஒரு சில நூறு மீற்றர் உயரத்தில் நிலைமை மாறுகிறது: கீழே குளிர்ந்த ஈர வளி, அதற்கு மேல் சூடான உலர் வளி. பாடப்புத்தகம் இதைத்தான் வெப்பநிலை நேர்மாறல் என்கிறது. அடுப்பிலுள்ள பானைக்கு மூடி போட்ட மாதிரி. கீழே இருக்கிற குளிர்ந்த வளி பாரமானது, சூடான வளியைத் துளைத்து மேலே ஏற அதனால் முடியாது. முகில் அந்த மூடிக்குக் கீழே பாயாக விரிந்து கிடக்கிறது.

முகில் வெயிலைத் திருப்பி அனுப்பிக் குளிரைக் கூட்டுகிறது என்பதும் உண்மைதான். கூட்டுகிறது என்று எழுதுங்கள். உண்டாக்குகிறது என்று எழுதினால் நான் சிவப்புப் பேனாவை எடுப்பேன்.

மூடிக்கு மேலே போய்ப் பார்க்கலாம். லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குப் பின்னால் வில்சன் மலை, 1,742 மீற்றர். ஜோர்ஜ் எலரி ஹேல் 1904இல் அங்கே வானாய்வகம் தொடங்கினார், அந்த மலையின் மேல் வளி அவ்வளவு அசையாமல் இருப்பதால். கீழே நகரம் மந்தாரத்துக்குள் மூழ்கியிருக்கும்போது மேலே வெயில் சுள்ளென்று அடிக்கும். அன்றைக்கு மணவறையை மலையில் போட்டிருந்தால் சூடாக்கி தேவைப்பட்டிராது. இதை மருமகளிடம் பிறகு ஒருநாள் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம்.

முகிலும் குளிரும் வேறு வேறு என்பதற்கு நம்மூரிலேயே சாட்சி உண்டு. கச்சான் காலத்தில் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்கு உப்புவெளிக் கரையில் நில்லுங்கள். மேற்குக் காற்று ஓய்ந்து கிழக்கிலிருந்து கடற்காற்று திரும்புகிற அந்த நிமிடத்தில் உடம்பு குளிர்ந்து போகும். தலைக்கு மேலே ஒரு துண்டு முகில் இருக்காது. கச்சான் வலுத்த நாளில் கடற்காற்று உள்ளே வரவே வராது. அன்றைக்கு மந்தாரமாக இருந்தாலும் அவிந்துதான் சாக வேண்டும்.

திருகோணமலையைக் கலிபோர்னியா ஆக்குவது

கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று, ஆனி மாதத்தில் மூதூர்ப் பக்கம் காலையில் மந்தாரமாக இருந்ததைக் கண்டு “எமது பிரதேசத்திலும் இது நிகழ்கிறது” என்று எழுதியிருக்கிறது. ஊர்ப்பற்றுக்கு ஒரு புள்ளி போடலாம், விடைக்குப் போட முடியாது. நம்முடைய கடல் 28, 29 பாகையில் கிடக்கிறது. அதன் மேல் தங்குகிற வளி எங்கே குளிர்வது?

நமக்கு அந்த மாதங்களில் வருவது மலையைத் தாண்டி இறங்குகிற காற்று. ஒரு பேப்பர் கணக்குப் போடுவோம். மேற்குக் கரையில் 28 பாகையில் புறப்பட்ட வளி, முகில் கட்டும் முன் 500 மீற்றர் ஏறினால் 5 பாகை இழந்து 23. அதற்குப் பிறகு ஈரம் ஒடுங்கி வெப்பத்தை விடுவதால் கிலோமீற்றருக்கு 5 பாகை அளவில்தான் குறையும். 2,000 மீற்றர் உயரத்துக்கு வரும்போது 15½. மழையை மலையின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் உலர்ந்து இறங்கும்போது கிலோமீற்றருக்கு 10 வீதம் ஏறும். 2,000 மீற்றருக்கு 20. ஆக, நம் வாசலுக்கு வரும்போது 35½. இதுதான் கச்சான். கச்சான் என்றால் நிலக்கடலையும்தான், ஆகவே நான் வகுப்பில் கச்சான் என்று தொடங்கினால் பின் வாங்கில் இருக்கிற ஒருவன் எப்போதும் “சேர், வறுத்ததோ அவிச்சதோ” என்பான். இருபது வருடமாக அதே பகிடி, ஆள்தான் மாறுகிறது.

இதில் வேடிக்கை என்னவென்றால், இறங்குகிற வளி சூடேறும் என்ற அதே விதிதான் கலிபோர்னியாவிலும் வேலை செய்கிறது. அங்கே அந்தச் சூடு மேலே நின்று மூடியாகிறது. இங்கே தரை வரைக்கும் வந்து நம் முகத்தில் அடிக்கிறது.

பசிபிக்கில் மட்டும்தான் நடக்கும் என்று நினைப்பது

ஓமானின் சலாலாவில் வேலை செய்து வந்தவர்கள் கிண்ணியாவிலும் மூதூரிலும் இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் போதும், புத்தகம் வேண்டாம். அரேபியா முழுக்கக் கருகிக் கிடக்கிற ஜூன் கடைசி தொடக்கம் செப்டெம்பர் வரை சலாலாவில் புகாரும் (மூடுபனி) தூறலும், மலை பச்சையாகிவிடும். கரீஃப் என்பார்கள். நமக்குக் கச்சானைக் கொண்டுவருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கே கரையோரமாக ஓடி, மேல் நீரை வெளியே தள்ளி, அடியிலிருந்து குளிர்நீரை ஏற்றுகிறது. மூடிக்குப் பாலைவனத்தின் சூட்டு வளி. புகார் அந்த மூடிக்குக் கீழே வந்து தோஃபார் மலையில் முட்டி நிற்கிறது. ஒரே காற்று, ஓரிடத்தில் வெக்கை, இன்னோரிடத்தில் புகார். இதை எழுதுகிற பிள்ளைக்கு முழுப் புள்ளி போடக் காத்திருக்கிறேன். இன்னும் ஒருவரும் எழுதவில்லை.

உள்நாடு கொதித்தால் கரையும் வெளிக்கும் என்று எதிர்பார்ப்பது

லொஸ் ஏஞ்சல்ஸ் என்று போனில் போட்டால் ஒரு எண் வரும். அந்த ஒரு எண்ணை நம்பியதும் என் கலியாணக் கதையின் ஒரு பகுதிதான். கடற்கரையில் 19 இருக்கும்போது, காரில் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் இருக்கிற சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கில் 33 இருக்கலாம். உள்நாடு சூடேறச் சூடேற அங்கே அமுக்கம் குறைந்து, கடல் வளியை இன்னும் இழுக்கும். கடும் வெப்ப அலை வந்தால் மேலிருந்து இறங்குகிற வளி மூடியைக் கீழே தள்ளும். அப்போது ஈர வளி நசுங்கி மெல்லிய படையாகிறது. உள்நாடு பளிச்சென்று இருக்கும், கடற்கரையில் மட்டும் புகார் தரையோடு கிடக்கும்.

மழை முகில் என்று எழுதுவது

தூறும். அவ்வளவுதான்.

புகைமூட்டத்தோடு குழப்புவது

மூடி ஒன்று. அதற்குக் கீழே அடைபடுவது வேறு: புகைமூட்டத்தில் புகை, மந்தாரத்தில் நீர்த்துளி.

பெயரைப் பார்த்து நாட்காட்டியில் கோடு கிழிப்பது

பெயர் ஜூன் மந்தாரம் என்பதால் ஜூன் முடிய அதுவும் முடியும் என்று நினைக்கிறார்கள். மே மாதத்துக்கும் ‘மே சாம்பல்’ என்று ஒரு பெயர் உண்டு, சில வருடம் ஓகஸ்ட் வரை இழுக்கும். தரை கெதியாகச் சூடேறுகிறது, கடல் ஆறுதலாகத்தான் சூடேறும், அதிலும் அடிநீர் ஏறிக்கொண்டே இருந்தால் இன்னும் தாமதம். அந்த இடைவெளிதான் கோடைத் தொடக்கத்தில் மந்தாரத்துக்கு வசதி. சான் பிரான்சிஸ்கோவில் செப்டெம்பரில்தான் உண்மையான கோடை வருகிறது. பெருவின் லீமாவிலும் ஜூனில் வானம் மூடிக் கிடக்கும், ஆனால் அங்கே அது குளிர்காலம். அதை “கோடைத் தொடக்கம்” என்ற தலைப்பின் கீழ் எழுதாதீர்கள்.

மருமகளின் தம்பிக்கும் இப்போது அங்கேயே கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. இந்த முறை ஒக்டோபரில், அதே கடற்கரையில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாள் குறித்துவிட்டார்கள். மந்தாரம் இருக்காது, அது சரிதான். ஆனால் இலையுதிர்காலம் வந்தால் அங்கே பாலைவனப் பக்கமிருந்து மலையைத் தாண்டி சான்டா ஆனா என்று ஒரு காற்று இறங்கத் தொடங்கும். சூடாக, காய்ந்து, புழுதியோடு, அப்படியே நம்முடைய கச்சான். நான் ஒன்றும் சொல்லவில்லை.