வென்டிலேட்டர் வேணுமா வேணாமா, லிவிங் வில் எழுதுறது எப்படி

எங்க அப்பாவ ஐசியூல வச்சிருந்தப்ப வென்டிலேட்டர தொடரலாமான்னு டாக்டர் கேட்டாரு, அண்ணன் தொடரணும்னான், அக்கா போதும்டா விட்ருன்னு அழுதா, அப்பா மனசுல என்ன இருந்துச்சுன்னு எங்க யாருக்குமே தெரியல. நாங்க கேட்டு வச்சதே இல்ல. அதனாலதான் இத எழுதுறேன். லிவிங் வில்னா, இனி தேறவே மாட்டோம்ங்கற நிலைமை வந்தா எந்த ட்ரீட்மென்ட் வேணும் எது வேணாம்னு நாம தெளிவா இருக்கப்பவே எழுதி வைக்கிற பத்திரம்.

நம்ம நாட்டுல 2018 மார்ச் 9-ல சுப்ரீம் கோர்ட் இதுக்கு வழி விட்டுச்சு, 2023 ஜனவரியில ரூல்ஸையும் லேசாக்குச்சு. முன்னாடி மாஜிஸ்ட்ரேட் கையெழுத்து வேணும், இப்ப நோட்டரி இல்லன்னா கெசட்டட் ஆபீசர் போதும். ரெண்டு சாட்சி முன்னாடி நீங்க கையெழுத்து போடணும். 18 வயசு ஆகியிருக்கணும், சுயபுத்தியோட இருக்கணும், யாரும் வற்புறுத்தியிருக்கக் கூடாது.

முக்கியமானது உள்ள என்ன எழுதுறீங்கங்கறதுதான். "ட்ரீட்மென்ட் வேணாம்"னு ஒத்த வரி எழுதி வச்சா யாருக்கும் ஒண்ணும் புரியாது. இனி தேறவே மாட்டேன்ற நிலைமை வந்தா வென்டிலேட்டர், டயாலிசிஸ், மூக்கு வழியா ட்யூப், நெஞ்ச அமுக்கி இதயத்த ஓட வைக்கிறது, இதுல எது வேணும் எது வேணாம்னு தனித்தனியா எழுதுங்க, வலிக்கு மருந்து கண்டிப்பா குடுக்கணும்னும் சேத்துக்கோங்க. எங்கம்மா ட்யூப் வேணாம், ஆனா வாயில கொஞ்சம் தண்ணி விடுங்கடான்னு எழுத சொன்னாங்க.

நீங்க பேச முடியாதப்ப உங்களுக்காக பேச ஒருத்தருக்கு மேல பேர் போடுங்க. அவங்ககிட்ட ஒரு காப்பி, குடும்ப டாக்டர்கிட்ட ஒண்ணு, பஞ்சாயத்து இல்ல மாநகராட்சியில இதுக்குன்னு இருக்க அதிகாரிகிட்ட ஒண்ணு.

பேப்பர காட்டுன உடனே மெஷின எடுத்துட மாட்டாங்க, பயப்படாதீங்க. பாக்குற டாக்டரோட ரெண்டு நிபுணர்கள் சேந்த போர்டு முதல்ல பாக்கும், அப்புறம் இன்னொரு போர்டு, மெஷின எடுக்கலாமா வேணாமான்னு ஒவ்வொரு போர்டும் முடிஞ்சவரை 48 மணி நேரத்துக்குள்ள சொல்லணும். மாஜிஸ்ட்ரேட்டுக்கும் தகவல் போகும்.

ஊசி போட்டு உயிர எடுக்கறது இதுல வராது, அது இன்னைக்கும் குற்றம்தான். தென் மாவட்டங்கள்ல வயசானவங்கள சாகடிக்க தலைக்கு ஊத்துற பழக்கத்தோட இத யாரும் சேத்து பேசாதீங்க ப்ளீஸ், அங்க எண்ணெய் தேச்சு குளிப்பாட்டி இளநி குடுத்து அடுத்தவங்க முடிவு பண்ணாங்க, இங்க போகப்போறவரே தெளிவா இருக்கப்ப சொல்லி வைக்கிறாரு.

மனசு மாறினா எப்ப வேணா ரத்து பண்ணலாம், அதுவும் எழுத்துல இருக்கணும். பழைய காப்பி யார் யார்கிட்ட இருக்கோ அவங்களுக்கும் மறக்காம சொல்லிடுங்க.