கெம்பு அட்டிகையைச் சுடுதண்ணீரில் போடாதீர்கள்

பில் வாங்குங்கள், பூட்டி வையுங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விடுகிறேன். கல் பதிக்கும் பட்டறையில் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெண் பாட்டியின் அட்டிகையோடு வந்தாள். நடுப் பதக்கத்தில் நாலு கல் கறுத்துக் கிடந்தது, ஒன்று ஆடியது. "பூந்திக்கொட்டை போட்டுத்தானே அண்ணா ஊற வைத்தேன், சோப்புகூடப் போடவில்லையே" என்றாள். எனக்கு வயிறு எரிந்தது.

சுடுதண்ணீரும் பூந்திக்கொட்டையும்

வெறும் தங்கச் சங்கிலிக்கு அது நல்ல வைத்தியம். பழைய கெம்பு வேலை, அதாவது சிவப்புக் கல் பதித்த நகை, அப்படியில்லை. கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும்; உள்ளே அரக்கு, அதன் மேல் பளபளக்கும் மெல்லிய தகடு, அதற்கு மேல்தான் கல். சுற்றிலும் சொக்கத் தங்க இழையை அழுத்திப் பூட்டியிருப்பார்கள். நீங்கள் பார்க்கிற சிவப்பில் பாதி அந்தத் தகடு கொடுப்பது. சூடு பட்டால் அரக்கு இளகும், கல் அசையும், அந்த இடுக்கில் தண்ணீர் இறங்கித் தகடு கறுத்துவிடும். அப்புறம் மேலே எவ்வளவு துடைத்தாலும் போகாது, அழுக்கு இருப்பது உள்ளே.

வேலைக்கு வந்த இரண்டாம் வருடம் நானும் ஒரு மாங்காய் மாலையை இப்படித்தான் கொதிநீரில் போட்டேன். மூன்று கல் சட்டியின் அடியில் கிடந்தது. அடுத்த வாரம் அந்த வீட்டில் கல்யாணம். அரக்கைச் சுரண்டி, புதுத் தகடு வைத்து, மறுபடி பூட்ட என் ஆசான் இரண்டு ராத்திரி தூங்கவில்லை. விளிம்பு உடைந்த ஒரு கல்லுக்கு மட்டும் ஜோடி கிடைக்கவே இல்லை. அந்தக் காலத்தில் கையால் தீட்டிய கல், ஒன்று போல இன்னொன்று இருக்காது.

உலர்ந்த பருத்தித் துணியால் வேர்வையைத் துடைத்து, காற்றாட வைத்து எடுத்து வையுங்கள், போதும். இடுக்கில் தூசி இருந்தால் மென்மையான பிரஷ், அதுவும் ஈரமில்லாமல்.

சென்ட்

முதலில் சென்ட் அடியுங்கள், முத்து நகையைக் கடைசியில் போடுங்கள்.

ஒரே டப்பாவில் குவிப்பது

கெம்பு முத்தைக் கீறும். தனித்தனித் துணி.

கல் எடை

பில்லில் கல்லும் அரக்கும் தனியாக, தங்கம் தனியாக எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் அரக்குக்கும் தங்க விலை கொடுக்கிறீர்கள்.

கறுத்துப் போச்சென்று உருக்கக் கொடுப்பது

கல், அரக்கு எடையைக் கழித்துவிடுவார்கள், கைவேலைக்கு ஒரு பைசா வராது. அந்தப் பெண்ணும் உருக்கக் கொடுக்கத்தான் போகவிருந்தாள். அட்டிகை இப்போது என் மேஜையில் இருக்கிறது, இரண்டு கல் கழற்றியாயிற்று.