“செத்துடலாம் போல இருக்கு” என்று ஒருவர் சொன்னால்

“நான் இல்லேன்னா உங்க எல்லாருக்கும் நிம்மதி” என்று வீட்டில் யாராவது சொன்னால், “வாயைக் கழுவு, வெள்ளிக்கிழமை அதுவுமா” என்று அடக்கிவிடுகிறோம். பேச்சு அங்கேயே முடிந்துபோகிறது.

அடக்காமல் தனியாகக் கூட்டிப்போங்கள், மொட்டைமாடியோ டீக்கடை பெஞ்சோ போதும். நேராகவே கேளுங்கள்: “தற்கொலை பண்ணிக்கலாம்னு தோணுதா?” இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லோருக்கும் பயம். அப்படி ஆகாது, உள்ளே அடைத்து வைத்திருந்ததைக் கேட்க ஒரு ஆள் வந்ததே என்றுதான் பலரும் மூச்சு விடுவார்கள். கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள், இதுதான் கஷ்டம். என் நண்பனிடம் கேட்டபோது டீயில் ஆடை படிகிறவரை அவன் பேசவேயில்லை, எனக்கோ ஏதாவது ஆறுதல் சொல்லிவிட நாக்கு துடித்தது. “உனக்கென்ன குறைச்சல்”, “புள்ளைங்க முகத்தைப் பாரு” இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே குற்ற உணர்ச்சியில் நொந்திருப்பவர் தலையில் இன்னொரு மூட்டை அது.

ஆமாம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பதையும் கேளுங்கள். யோசித்திருந்தால் தனியாக விடாதீர்கள், வீட்டிலிருக்கும் பூச்சிமருந்து, மாத்திரைகளை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றிவிடுங்கள். அந்த வேகம் பலருக்கும் கொஞ்ச நேரத்தில் தணிந்துவிடும், அதுவரை கூட இருப்பதுதான் நம் வேலை. “யார்கிட்டயும் சொல்லமாட்டேன்” என்று மட்டும் சத்தியம் பண்ணாதீர்கள்.

அப்புறம் அங்கேயே உட்கார்ந்து 14416க்குப் போன் போடுங்கள். அரசின் மனநல உதவி எண் அது, டெலி மானஸ் என்று பெயர், 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104ம் உண்டு. ஏதாவது செய்துகொண்டுவிட்டால் உடனே 108. போலீஸ் கேஸாகிவிடுமோ என்று தயங்க வேண்டாம்: முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம்.

டாக்டரிடம் அழைத்துப் போவதுதான் பெரிய பாடு. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே கிண்டலாக்கி வைத்திருக்கிறோமே, யார் வருவார்கள்? “தூக்கம் வரலன்னு சொல்லிப் பார்ப்போம், நானும் வரேன்” என்று என் நண்பனிடம் சொன்னேன். பொய்யில்லை, அவன் தூங்கி நாளாகியிருந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு வாங்கி, வரிசையில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மறுநாள் காலை ஒரு போன்: “சாப்பிட்டியா?” அடுத்த வாரமும் அதே போன்.