குறைந்த செலவில் முன் விறாந்தையை அழகாக்க

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாதிரிக் கடலோரப் பக்கம் வீடு என்றால், விறாந்தையை முதலில் கெடுப்பது உப்புக்காற்றுதான். அதனால் சுவருக்குப் பெயின்ட் வாங்கும் முன் கேற்றையும் கிரில்லையும் பாருங்கள். துருவின் மேலேயே பெயின்ட் அடித்தால் சீக்கிரமே கொப்பளித்து உரிந்துவிடும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டி, சாண்ட் பேப்பரால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவி உப்பைப் போக்குங்கள். நன்றாகக் காய்ந்த அன்றே துருத்தடுப்பு பிரைமர் ஒரு பூச்சு, அப்புறம் எனாமல் இரண்டு பூச்சு. கம்பிகள் சேரும் மூட்டுகளில்தான் துரு திரும்பத் தலைகாட்டும். அங்கே சின்னத் தூரிகையால் நிதானமாக அடியுங்கள். சாமான்களைப் பழைய சோனகத் தெருவில் நாலு கடை விசாரித்து வாங்கலாம்.

பழைய சிவப்புச் சீமெந்துத் தரை இருந்தால் தயவுசெய்து டைல் பதித்து மூடிவிடாதீர்கள். கழுவிக் காயவிட்டு, சிவப்பு பொலிஷ் மெல்லியதாகப் பூசி, பாதியாக வெட்டிய தேங்காய் மட்டையால் அழுத்தித் தேயுங்கள். அந்தப் பளபளப்பு எந்த டைலிலும் வராது.

செடிக்குப் புதுச் சாடி தேவையில்லை. காலி பெயின்ட் வாளியைக் கழுவி, அடியில் துளை போட்டால் போதும். மணி பிளான்ட், குரோட்டன் கிளைகளை அயல்வீட்டில் கேட்டாலே தருவார்கள். சாடிக்குக் கீழே தட்டு வைப்பதென்றால் அதில் மணலை நிரப்பிவிடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு நுளம்பு முட்டையிடும். தட்டே வைக்காவிட்டால் இன்னும் நல்லது.